ராசிபுரம் வரை வந்த சேஞ்ச்லாக்

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. ஆத்தூர், ராசிபுரம், திருச்செங்கோடு என்று சேலம், நாமக்கல் மாவட்டப் பள்ளிகளுக்கும் கணினிகள் வந்து இறங்கின. நாமக்கல் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவு வரும் தனியார் விடுதிப் பள்ளிகளுக்கு இதில் பங்கில்லை. அரசு, அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்குத்தான். கணினிக்குள் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கி 2007-இல் வெளியிட்ட இயங்குதளம் அது. பலர் அதன் பக்கமே போகவில்லை. போனவர்களிலும் 'யுஎஸ்ஆர்' என்ற ஃபோல்டர், அதற்குள் 'ஷேர்', அதற்குள் 'டாக்' என்று இறங்கிப் பார்த்தவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள்.

பாஸ், டெபியன் லினக்ஸின் வழிவந்தது. டெபியனில் ஒவ்வொரு மென்பொருள் பேக்கேஜுக்கும் அந்த இடத்தில் ஒரு ஃபோல்டர் உண்டு. அதில் சுருக்கி வைத்த ஒரு சேஞ்ச்லாக், அதாவது பதிப்புக்குப் பதிப்பு என்ன மாறியது என்ற பதிவேடு. எழுத்துருவுக்கு ஒன்று, பிரிண்டர் மென்பொருளுக்கு ஒன்று. எழுதியவர்கள் பல நாட்டுக்காரர்கள், பெரும்பாலும் சம்பளம் வாங்காதவர்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதவர்களும் உண்டு. எழுதிய முறை மட்டும் இடைவெளிகூடப் பிசகாமல் ஒன்றே.

அந்த முறைக்கு ஒரு முன்னோடி உண்டு. ரிச்சர்ட் ஸ்டால்மனின் குனு திட்டத்தில், ஈமாக்ஸ் எடிட்டருக்கு 1985-இலிருந்தே சேஞ்ச்லாக் இருக்கிறது. முதல் வரியில் தேதி, பெயர், மின்னஞ்சல். ஒரு வெற்று வரி விட்டு, ஒரு டேப், ஒரு நட்சத்திரக் குறி, கோப்பின் பெயர், அடைப்புக்குறிக்குள் ஃபங்ஷன், பிறகு என்ன மாறியது. ஏன் மாறியது என்ற விளக்கத்தை நிரலுக்குள் கமெண்டாக எழுதிக்கொள், இங்கே வேண்டாம் என்றது குனு விதி. பயன்படுத்துகிறவருக்குச் சொல்ல வேண்டியவை 'நியூஸ்' என்ற தனிக் கோப்புக்குப் போகும். ஆக, இது நிரலாளர் நிரலாளருக்கு எழுதிய கணக்கு. வெளியாள் பிரித்தால் இரண்டு வரிக்கு மேல் தாங்க மாட்டார்.

1993-இல் இயன் மர்டாக் டெபியனைத் தொடங்கினார். டெபியன்காரர்கள் வகுத்துக்கொண்ட முறையில் தலைவரியில் பேக்கேஜின் பெயர், அடைப்புக்குறிக்குள் பதிப்பு எண், டெபியனின் எந்த வெளியீட்டுக் கிளைக்குப் போகிறது, எவ்வளவு அவசரம். கீழே இரண்டு இடைவெளி விட்டு, நட்சத்திரக் குறியோடு மாற்றங்கள். கடைசி வரி ஒரே ஒரு இடைவெளியில் தொடங்கும். இரண்டு சிறு கோடு, பெயர், மின்னஞ்சல், சரியாக இரண்டு இடைவெளி, பிறகு கிழமையோடு தேதியும் நேரமும். இந்தியாவிலிருந்து எழுதியிருந்தால் அதன் வாலில் +0530 இருக்கும்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு? இந்தக் கோப்பை மனிதர் மட்டும் படிப்பதில்லை. பேக்கேஜைக் கட்டும் கருவி பதிப்பு எண்ணை இதன் தலைவரியிலிருந்துதான் எடுக்கிறது. 'குளோசஸ்' என்று எழுதிப் பக் எண்ணைப் போட்டால், பேக்கேஜ் ஏறியதும் அந்தப் புகார் தானாக மூடப்படும். அவசரம் என்ற இடத்தில் 'லோ' என்றால் வழக்கமாக 10 நாள், 'மீடியம்' என்றால் 5, 'ஹை' என்றால் 2 நாள் காத்திருந்துதான் பேக்கேஜ் அடுத்த கிளைக்குப் போக முடியும். ஒரு சொல் எட்டு நாளைக் கூட்டும், குறைக்கும். எனக்குத் தெரிந்து, ஓப்பன் சோர்ஸ் உலகில் விதியை எழுதி வைத்ததால் மட்டும் யாரும் மதித்ததில்லை. மதிக்காவிட்டால் வேலை நின்றுவிடும் என்ற இடத்தில்தான் விதி நிலைத்தது.

இன்னொரு நல்ல வழக்கமும் இதில் உண்டு. டெபியன் பேக்கேஜை எடுத்துத் திருத்தும் வேறொரு குழு, தன் பதிவை மேலே சேர்க்கும்; பழையதை அழிக்காது. கைமாறி வந்த வழி மேலிருந்து கீழாக அப்படியே கிடக்கும். கூட இல்லாதவருக்கும் புரியும்படி முறையாக எழுதுவதில் நாமக்கல் லாரி டிரைவரின் ட்ரிப் ஷீட்டும் இந்த ஜாதிதான். அசாமுக்குப் போய் வந்த வண்டியில் முதலாளி ஏறியதே இல்லை. டீசல், டோல், ஏற்றுக்கூலி, படி எல்லாம் அததன் கட்டத்தில் இருந்தால்தான் வீட்டில் உட்கார்ந்து அவரால் கணக்குப் பார்க்க முடியும்.

2005-இல் நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவியான லினஸ் டோர்வால்ட்ஸின் ஜிட் வந்தது. யார், எப்போது, எதை மாற்றினார் என்பதையெல்லாம் அதுவே வைத்துக்கொள்ளும்போது கையால் வேறு எதற்கு எழுத வேண்டும் என்ற கேள்வி எழுந்தது. கையால் எழுதுவதில் சிக்கலும் இருந்தது. எல்லாரும் ஒரே கோப்பின் தலையில் எழுதினால், இருவருடைய மாற்றத்தைச் சேர்க்கும்போது மோதல் வரும். பைத்தான் மொழியின் குழு 2017-இல் இதற்கு ஒரு வழி கண்டது: ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனித்தனிச் சிறு கோப்பு, வெளியீட்டின்போது 'பிளர்ப்' என்ற கருவி தொகுத்துக்கொள்ளும். குனுவின் ஜிசிசி கம்பைலர் குழு 2020-இல் ஜிட்டுக்கு மாறி, பழைய குனு வடிவத்தை ஒவ்வொரு மாற்றத்தோடும் ஜிட்டில் பதியும் கமிட் செய்தியிலேயே எழுதச் சொன்னது. அதிலிருந்து சேஞ்ச்லாக் தானாகவே உருவாகிறது.

வேறு பலர் சுலப வழியாக ஜிட் பதிவை அப்படியே கொட்டி அதற்குச் சேஞ்ச்லாக் என்று பெயர் வைத்தார்கள். 'டைப்போ சரி', 'மறுபடி சரி', 'இப்போது நிஜமாகவே சரி' என்று நூறு வரி. இதைக் கண்டித்துத்தான் 2014-இல் ஒலிவியே லகான் 'கீப் எ சேஞ்ச்லாக்' என்ற வழிமுறையை எழுதினார். புதியது மேலே. சேர்த்தது, மாற்றியது, விரைவில் நீக்கப்போவது, நீக்கியது, சரிசெய்தது, பாதுகாப்பு என ஆறு தலைப்பு. இன்னும் வெளியாகாதவற்றுக்கு உச்சியில் ஒரு பகுதி. தேதி ஆண்டு-மாதம்-நாள். 03-04-2015 என்று போட்டால் சேலத்துக்காரருக்கு ஏப்ரல், அமெரிக்கருக்கு மார்ச். 2015-04-03 என்றால் சண்டையில்லை. குனு வடிவத்தைவிட இது தளர்வானது, கருவிகளின் மிரட்டலும் குறைவு. ஆனாலும் பயன்படுத்துகிறவரை நினைத்து எழுதியது என்பதால் என் ஓட்டு இதற்குத்தான்.

சேலம், நாமக்கல் பொறியியல் கல்லூரிகளில் ஓப்பன் சோர்ஸுக்கு முதல் மாற்றம் அனுப்பத் தயாராகும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அனுப்பும் முன் அந்தத் திட்டத்தின் சேஞ்ச்லாக்கில் கடைசிப் பத்துப் பதிவுகளைப் படித்துவிடுங்கள். அவர்கள் எப்படி எழுதுகிறார்களோ அப்படியே உங்கள் வரியையும் எழுதுங்கள். உங்களுக்குப் பிடித்த வடிவத்தை அங்கே புகுத்த வேண்டாம். சொந்தமாகத் தமிழுக்கு ஒரு மென்பொருள் செய்தால் சேஞ்ச்லாக்கைத் தமிழிலேயே எழுதலாம், தடையொன்றும் இல்லை. தேதியை மட்டும் ஆண்டிலிருந்து தொடங்குங்கள்.