தெருவோடு போன நோய்

கொங்கு நாட்டில் மாட்டுப் பொங்கலைப் பட்டிப் பொங்கல் என்பார்கள். மாலை மங்கும் நேரத்தில் கட்டுத்தறிக்கு முன்னால் சாணத்தைக் கொண்டு சிறிய தெப்பக்குளம் அமைத்து, மாடுகளுக்குப் பொங்கலை ஊட்டி, தட்டத்தை ஒலித்தபடி பட்டியைச் சுற்றி வருவார்கள். அப்போது பெரியவர்கள் சொல்லும் வேண்டுதல் ஒன்று உண்டு. பட்டி பெருக வேண்டும், பானையில் பால் பொங்க வேண்டும், நோவும் பிணியும் தெருவோடு போய்விட வேண்டும் என்பது அதன் சாரம். கோபிசெட்டிபாளையத்துப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இது கேட்டுப் பழகிய சொல். சிறுவயதில் எனக்கும் அதில் ஐயம் ஏதும் தோன்றவில்லை. கால்நடை நோய்களின் வரலாற்றை வாசிக்கத் தொடங்கிய பிறகுதான் ஒரு கேள்வி எழுந்தது. தெருவோடு போகும் நோய் எங்கே போய்ச் சேரும்? தெரு அடுத்த ஊருக்கல்லவா போகிறது?

ஒரு வகையில், கடந்த நூற்றைம்பது ஆண்டுகளாக நம் நாட்டில் நடந்த நோய்த்தடுப்பு முயற்சிகள் எல்லாமே இந்தக் கேள்விக்கு விடை தேடியவைதான். நோயைத் தெருவில் விடாமல் நிறுத்துவது எப்படி? நிறுத்த வேண்டுமானால், தன் வீட்டில் நோய் இருக்கிறது என்று ஒருவன் வாய்திறந்து சொல்ல வேண்டும். சொன்னால் அவனுக்கு என்ன கிடைக்கும்?

முதலில் வெக்கை நோயின் கதை. இன்று இப்பெயரைக் கேட்டால் இளைஞர்களுக்கு ஒன்றும் விளங்காது. அப்படி விளங்காமற் போனதே இந்நூற்றாண்டின் பெரிய வெற்றிகளில் ஒன்று. மனிதரின் தட்டம்மைக்கு உறவான ஒரு வைரஸால் மாட்டுக்கும் எருமைக்கும் வந்த நோய் அது. கடும் காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிதல், வாய்க்குள் புண், பிறகு அடங்காத கழிச்சல். பெரும்பாலான மாடுகள் ஒன்றிரண்டு வாரங்களுக்குள் மடிந்துவிடும். ஒரு கட்டுத்தறியில் நுழைந்தால் பட்டியைக் காலி செய்துவிட்டே வெளியேறும்.

மின்மோட்டார் வருவதற்கு முந்தைய கொங்கு நாட்டில் அதன் பொருள் என்னவென்று எண்ணிப் பார்க்க வேண்டும். கொடிவேரி அணையின் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் பாயும் கோபி வயல்களை விட்டுச் சற்றுத் தள்ளிப் போனால் மேட்டுநிலம். அங்கே கிணற்றிலிருந்து நீரை மேலே கொண்டுவந்தது கவலை. அதை இழுத்தவை ஒரு ஜோடி எருதுகள். எருது விழுந்தால் கவலை நின்றது. கவலை நின்றால் பயிர் காய்ந்தது. அடுத்த ஜோடி வாங்கக் கடன், கடனுக்கு நிலம். ஒரு குடும்பம் பண்ணையத்திலிருந்து கூலிக்கு இறங்குவதற்குப் பத்து நாள் போதுமானதாக இருந்தது.

வெக்கை நோய்க்கிருமி உடலுக்கு வெளியே நெடுநேரம் தாங்காது. அது பரவ மாட்டோடு மாடு நெருங்க வேண்டும். ஆகவே மாடு நடந்த வழியே நோய் நடந்த வழியாகவும் இருந்தது. அந்தியூர் குருநாதசாமி கோயிலின் ஆடித் திருவிழாச் சந்தையும், காங்கயம் பக்கத்துக் கண்ணபுரம் சந்தையும் பல ஊர் மாடுகள் ஓரிடத்தில் மூச்சுக் கலக்கும் இடங்கள். பர்கூர் மலையிலிருந்து செம்மறை மாடுகள் கீழிறங்கின. மைசூர்ப் பக்கத்திலிருந்து திம்பம் மலைப்பாதை வழியாக வியாபாரிகள் வந்தனர். இதில் மனித இயல்பு ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. பட்டியில் ஒரு மாடு சோர்ந்து படுத்ததும், இன்னும் நலமாகத் தெரியும் மாடுகளை விலை இருக்கும்போதே சந்தைக்கு ஓட்டிவிடுவது ஏழை உழவனுக்கு நியாயமான கணக்கு. அந்தக் கணக்கின் முதுகில் ஏறித்தான் நோய் தெருவோடு போனது.

*

1865இல் இங்கிலாந்தில் வெக்கை நோய் பெரும் அழிவை உண்டாக்கியது. நோயுற்ற மாடுகளையும் அவற்றோடு இருந்தவற்றையும் கொன்று, மாடுகளின் நடமாட்டத்தைத் தடுத்து, இரண்டாண்டுகளில் அவர்கள் அதை ஒழித்தார்கள். அடுத்த ஆண்டே, 1866இல், சென்னை மாகாணத்திலும் கால்நடை நோய்ச் சட்டம் ஒன்று வந்தது. 1871இல் ஹாலன் முதலானோர் அடங்கிய இந்தியக் கால்நடைக் கொள்ளைநோய்க் குழு தன் அறிக்கையை அளித்தது. ஆனால் இங்கிலாந்தின் வழி இங்கே செல்லுபடியாகவில்லை. மாட்டைக் கொல்வதைச் சமய உணர்வு தடுத்தது. அதற்கும் மேலாக, இழப்பீடின்றி உழவு மாட்டைக் கொல்லச் சொல்வது உழவனையே கொல்லச் சொல்வதற்கு ஒப்பானது. சட்டம் எதுவானாலும் அது அசைவதற்கு ஒருவர் முன்வந்து தகவல் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்ல அன்று யாருக்கும் காரணம் இருக்கவில்லை.

தகவல் அறிந்தோர் இல்லாமலில்லை. செத்த மாட்டை அப்புறப்படுத்தும் வேலை கொங்கு நாட்டில் அருந்ததியர் மீது சுமத்தப்பட்டிருந்தது. எந்த ஊரில், எந்தக் கட்டுத்தறியில், எத்தனை மாடு, எப்படிச் செத்தது என்பதை அவர்களைவிட நன்கு அறிந்தவர் யார் இருந்திருக்க முடியும்? தோலை உரிக்கும்போது குடலின் புண்ணைக் கண்களால் கண்டவர்கள் அவர்கள். இன்று கால்நடை மருத்துவர் செய்யும் பிணக்கூறாய்வுக்கு மிக அருகில் இருந்த அறிவு அது. ஆனால் அவர்களிடம் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. வட இந்தியாவில் இதே தொழிலில் இருந்த சமார் மக்கள்மீது, தோலுக்காக மாடுகளுக்கு நஞ்சு வைப்பதாகக் குற்றஞ்சாட்டி வழக்குகள் நடந்தன. கொள்ளைநோயின் சாவுகள் பலவும் அவர்கள் கணக்கில் எழுதப்பட்டன. நோயை அறிந்தவனையே குற்றவாளி ஆக்கும் சமூகத்தில் நோய்பற்றிய செய்தி எங்கிருந்து வரும்?

நோய் அந்தக் காலத்தில் கடலும் தாண்டியது. 1880களின் இறுதியில் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குள் அது நுழைந்தபோது, இத்தாலியப் படைக்காக இந்தியாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட மாடுகளே காரணம் என்று கருதப்படுகிறது. பத்தாண்டுகளுக்குள் அது கண்டத்தின் தென்முனையை எட்டியது. பல பகுதிகளில் பத்தில் எட்டு, ஒன்பது மாடுகள் மடிந்தன. எத்தியோப்பியாவில் உழ மாடின்றிப் பெரும் பஞ்சம் வந்தது. நம் தெருவோடு போன நோய் அங்கே போய்ச் சேர்ந்திருக்கலாம்.

*

அறிவியல் மெல்ல வந்தது. 1889இல் பூனாவில் தொடங்கிய ஆய்வகம் 1893இல் இமயமலைச் சரிவிலுள்ள முக்தேஸ்வருக்கு மாற்றப்பட்டது. 1897இல் ராபர்ட் கோக் அங்கு வந்து வெக்கை நோயை ஆராய்ந்தார். 1920களின் பிற்பகுதியில் எட்வர்ட்ஸ் இந்த வைரஸை ஆடுகளில் திரும்பத் திரும்பச் செலுத்தி வலுவிழக்கச் செய்து தடுப்பூசி கண்டார். மலிவான, ஆயுள் முழுதும் காக்கும் மருந்து. தமிழ்நாட்டுக்கு வேண்டியதைச் செய்ய 1932இல் ராணிப்பேட்டையில் நிலையம் வந்தது. 1940இல் வெக்கை நோய்க்கென்றே சென்னை மாகாணம் தனிச்சட்டம் இயற்றியது. இங்கிலாந்து கத்தியால் செய்ததை நாம் ஊசியால் செய்யப் புறப்பட்டோம்.

1954இல் தேசிய ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. நூற்றுக்கு எண்பது மாடுகளுக்கு ஊசி போட்டுவிட்டால் நோய் தானே அறுந்துவிடும் என்பது கணக்கு. கால்நடை ஆய்வாளர்கள் பனிக்கட்டிப் பெட்டியோடு ஊர் ஊராகப் போனார்கள். நோய் வெகுவாகக் குறைந்தது. ஆனால் அறுந்துபோகவில்லை. மிச்சமிருந்த இருபதிலும் புதிதாகப் பிறந்த கன்றுகளிலும் அது முப்பதாண்டுகள் ஒளிந்து வாழ்ந்தது. அதிலும் விந்திய மலைக்குத் தெற்கேயுள்ள நம் தீபகற்பமே கடைசி மறைவிடமாக இருந்தது.

1992இல் ஐரோப்பிய சமூகத்தின் உதவியோடு தொடங்கிய புதிய திட்டம்தான் இந்த வரலாற்றின் உச்சம். அது கொண்டுவந்த மாற்றம் முதற்பார்வைக்கு விபரீதமாகத் தோன்றும். ஒரு கட்டத்துக்குப் பிறகு ஊசியை நிறுத்துங்கள், தேடுங்கள் என்றது அது. எல்லா மாட்டுக்கும் ஊசி போட்டுக்கொண்டே இருந்தால் நோய் போய்விட்டதா, ஒளிந்திருக்கிறதா என்று தெரியவே தெரியாது. இரத்தத்தில் காணும் எதிர்ப்புச் சத்து ஊசியால் வந்ததா, நோயால் வந்ததா என்றும் பிரித்தறிய முடியாது. ஆகவே ஊசியை நிறுத்திவிட்டு ஊர் ஊராகச் சென்று கேட்டார்கள். வாய்ப்புண் கண்ட மாடு உண்டா? கழிச்சல் கண்டு செத்தது உண்டா? பட்டியலிட்டு, இரத்த மாதிரி எடுத்து, மறுபடியும் சென்று கேட்டார்கள். நூற்றாண்டுக்கு முன் யாரும் கேட்காத கேள்வியை அரசு கடைசியில் மாட்டுக்காரனிடம் கேட்டது.

தேடுதலில் வேறு உண்மைகளும் வெளிவந்தன. 1987இல் விழுப்புரம் பகுதியின் அரசூரில் செம்மறியாடுகளைக் கொன்ற நோய் வெக்கை போலவே தோன்றினாலும், ஆராய்ந்தபோது அது இந்தியாவில் அதுவரை அறியப்படாத ஆட்டுக்கொல்லி நோய் என்று தெரிந்திருந்தது. தோற்றத்தில் ஒன்றுபோலிருக்கும் இரண்டைப் பிரித்தறிந்த பிறகே ஒழிப்பு என்ற சொல்லுக்குப் பொருள் வந்தது. இந்தியாவின் கடைசி வெக்கை நோய் 1995இல் தமிழகத்தின் வட ஆர்க்காடு பகுதியில் பதிவானது. அதன் பின்னரும் பத்தாண்டுக்கு மேல் தேடல் நடந்தது. 2006இல் இந்தியாவுக்கு முழு விடுதலைச் சான்று கிடைத்தது. 2011இல் உலகமே வெக்கையற்றது என்று அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்குப் பிறகு மனித முயற்சியால் மண்ணிலிருந்து மறைந்த இரண்டாவது நோய் அது. பெரியம்மை போனதற்கு நாம் பெருமிதம் கொண்டோம். வெக்கை போனதை எங்கள் ஊர்ச் சந்தையில் யாரும் பேசிக்கொண்டதாக நினைவில்லை.

*

அதே காலத்தில் கட்டுத்தறிக்குப் பக்கத்தில் இன்னொரு உலகம் எழுந்துகொண்டிருந்தது. கோழி முன்பு பெண்களின் சிறுவாட்டுச் செல்வம். வெள்ளைக்கழிச்சல் விழுந்தால் மிச்சக் கோழிகளை அறுத்துக் குழம்பு வைப்பதும், அவசரமாக விற்றுவிடுவதும் வழக்கம். இங்கும் அதே கணக்குதான். பிறகு நாமக்கல்லில் முட்டைப் பண்ணைகளும், பல்லடம், உடுமலைப் பக்கம் கறிக்கோழிப் பண்ணைகளும் பெருகின. ஒரே கூரையின் கீழ் ஆயிரக்கணக்கில், ஒரே வயதில், ஒரே இனத்தில் பறவைகள். கறிக்கோழியில் ஒப்பந்த முறை வந்தபோது குஞ்சும் தீவனமும் மருந்தும் நிறுவனத்துடையவை, கொட்டகையும் உழைப்பும் உழவனுடையவை என்றாயிற்று.

2006 பிப்ரவரி 18 அன்று மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் உறுதிசெய்யப்பட்டது. 1997இல் ஹாங்காங்கில் 18 பேரைப் பற்றி, ஆறு பேரைக் கொன்ற எச்5என்1 வகை அது. நவாப்பூரைச் சுற்றி 3 கிலோமீட்டருக்குள் இருந்த கோழிகளெல்லாம் கொல்லப்பட்டன. நாமக்கல் நவாப்பூரிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. ஆனால் முட்டையின் விலை வைரஸுக்கு முன்பே அங்கு வந்து விழுந்தது. நன்கு வேகவைத்த முட்டையால் ஆபத்தில்லை என்ற செய்தியை அச்சம் முந்திக்கொண்டது. முதன்முறையாக நோய் வராத ஊரும் நோயால் நொடித்தது. அதாவது, எங்கோ ஒருவன் உண்மையைச் சொன்னதற்கான விலையைச் சொல்லாதவர்களும் கொடுத்தார்கள்.

இங்குதான் மாட்டின் கதையும் கோழியின் கதையும் பிரிகின்றன. மாட்டுக்கு நாம் ஊசியைத் தேர்ந்தோம். கோழிக்குக் கத்தியைத் தேர்ந்தோம். அதற்கு அறிவியல் காரணங்கள் உண்டு. இந்த வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பது. அதன் இயற்கை வீடு காட்டு நீர்ப்பறவைகளின் உடல். சென்னிமலைக்கு அருகே வெள்ளோடு ஏரிக்கு வலசை வரும் பறவைகளுக்கு யார் ஊசி போட முடியும்? வெக்கையைப் போல இதை ஒழித்துவிட இயலாது. கண்காணித்துக்கொண்டே இருக்கத்தான் முடியும். ஆகவே சொல்பவனைச் சார்ந்திருப்பதும் என்றென்றைக்கும் தொடரும்.

சொல்பவனின் நிலை என்ன? 2008இல் மேற்கு வங்கத்தில் பீர்பூம் மாவட்டத்தில் தொடங்கிப் பரவியபோது 40 லட்சத்துக்கு மேற்பட்ட பறவைகள் அழிக்கப்பட்டன. கிராமத்துப் பெண்கள் கோழிகளை ஒளித்துவைத்ததாகவும் உறவினர் வீட்டுக்கு அனுப்பியதாகவும் செய்திகள் வந்தன. நகரத்து நாளிதழ்கள் அதை அறியாமை என்றன. அது அறியாமையன்று. சந்தைக்கு மாட்டை ஓட்டிய உழவனின் பழைய கணக்கு அது. இழப்பீடு உரிய நேரத்தில், உரிய அளவில், உரியவர் கையில் கிடைக்கும் என்ற நம்பிக்கை இருந்தால் கணக்கு மாறும். இல்லாவிட்டால் கோழி தெருவோடு போகும். ஒப்பந்தப் பண்ணையில் கேள்வி இன்னும் சிக்கலானது. பறவை ஒருவருடையது, அதன் சாவை முதலில் காணும் கண் மற்றொருவருடையது.

2014இல் கேரளத்தின் ஆலப்புழை, கோட்டயம் வாத்துகளில் நோய் கண்டபோதும், 2021இல் அங்கே எச்5என்8 வகை வந்தபோதும், கோவை எல்லைச் சோதனைச் சாவடிகளில் வண்டிச் சக்கரங்களுக்குக் கிருமிநாசினி தெளித்தார்கள். தெருவில் நின்று நோயை மறிக்கும் அந்தக் காட்சி பட்டிப் பொங்கல் வேண்டுதலுக்கு ஒரு நவீன மறுமொழி போலிருந்தது. ஆனால் சக்கரத்தைக் கழுவுவது கடைசி அரண். முதல் அரண் கொட்டகையின் உள்ளே, காலையில் பத்துக் கோழி செத்துக்கிடப்பதைப் பார்க்கும் மனிதனின் மனத்தில் இருக்கிறது.

2024 மார்ச்சில் அமெரிக்காவின் கறவை மாடுகளில் எச்5என்1 கண்டறியப்பட்டது. கோழியின் நோய் கட்டுத்தறிக்குள் நுழைந்துவிட்டது. மாட்டுக்கு ஒரு வழி, கோழிக்கு ஒரு வழி என்று நாம் பிரித்துவைத்திருந்ததை வைரஸ் பொருட்படுத்தவில்லை. அடுத்த நோய் எந்த உருவில் வருமென்று யாரும் சொல்ல முடியாது. வெக்கையின் வரலாறு நமக்கு விட்டுச்சென்ற பாடம் ஒன்றுதான். அந்த நோயை வலுவிழக்கச் செய்தது ஆய்வகம். அதன் கடைசிச் சுவட்டைக் கண்டது, ஊர் ஊராகப் போய்க் கேட்ட கேள்வியும் அதற்கு அஞ்சாமல் சொல்லப்பட்ட விடையும்.

இப்போதும் தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போனால் அந்த வேண்டுதலைக் கேட்கிறேன். பட்டியில் மாடு குறைந்துவிட்டது. தோட்டத்துக்கு அப்பால் நீளமான கோழிக் கொட்டகையின் விளக்குகள் எரிகின்றன. நோவும் பிணியும் தெருவோடு போகட்டும் என்ற சொல் எழும்போது, தெருவின் மறுமுனையிலும் ஒரு பட்டி இருக்கிறது, அங்கும் ஒருவர் இதையே வேண்டிக்கொண்டிருக்கிறார் என்பது நினைவுக்கு வருகிறது.