புதுச்சேரி: சைக்கிளுக்குள் அடங்கும் நகரம்

புதுச்சேரியின் பழைய நகரத்தைச் சுற்றி முட்டை வடிவில் சாலைகள் அமைந்துள்ளன. வடக்கே சர்தார் வல்லபாய் படேல் சாலை, மேற்கே அண்ணா சாலை, தெற்கே சுப்பையா சாலை, கிழக்கே கடற்கரைச் சாலை. இவற்றுக்கு உட்பட்ட பகுதியை உள்ளூர்க்காரர்கள் புல்வார் என்பார்கள். விடுமுறைக்கு வரும் தம்பதியர் மிஷன் வீதியில் சைக்கிள் வாடகைக்கு எடுத்தால், ஒரே பகலில் இந்தப் பகுதியைச் சுற்றிப் பார்த்துவிடலாம். மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் உருவான நகர அமைப்பே அதற்கு வழி செய்கிறது.

பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1674-இல் இங்கே வணிகத் தளம் அமைத்தது. அதை வளர்த்தவர் பிரான்சுவா மர்த்தேன். 1693-இல் டச்சுக்காரர்கள் ஊரைக் கைப்பற்றினார்கள். செங்கோணத்தில் வெட்டிக்கொள்ளும் நேர்த்தெருக்களைக் கொண்ட திட்டத்தை வரைந்தவர்கள் அவர்களே. 1699-இல் ஊரைத் திரும்பப் பெற்ற பிரெஞ்சுக்காரர்கள் அத்திட்டத்தையே பின்பற்றினார்கள். இன்றைய பாரதி பூங்கா இருக்கும் இடத்தில் லூயி கோட்டை எழுந்தது. பின்னர் நகரைச் சுற்றி மதிலும் எழும்பியது.

1761-இல் ஆங்கிலேயர் நகரைப் பிடித்துக் கோட்டையையும் மதிலையும் வீடுகளையும் இடித்துத் தள்ளினார்கள். 1765-இல் நகரம் பிரெஞ்சுக்காரர் கைக்கு மீண்டபோது, ஆளுநர் ழான் லா பழைய தெருக் கோடுகளின் மேலேயே அதை மறுபடி கட்டினார். பிற்காலத்தில் மதில் நின்ற தடத்தில் சாலைகள் போடப்பட்டன. அவையே இன்றைய புல்வார்ச் சாலைகள்.

வடக்கு தெற்காக ஓடி நகரை இரண்டாகப் பிரிப்பது பெரிய வாய்க்கால். அதன் கிழக்கே ஐரோப்பியர் குடியிருந்த வெள்ளை நகரம்: உயர்ந்த மதில், பெரிய வாயிற்கதவு, உள்ளே தோட்டம். மேற்கே தமிழர் பகுதி: தெருவை ஒட்டித் தாழ்வாரம், திண்ணை, நடுவில் முற்றம். பிரெஞ்சுக் கால நாட்குறிப்பாளர் ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையும், 1791-இல் கட்டி முடிக்கப்பட்ட சம்பா கோயில் என்னும் தேவாலயமும் மேற்குப் பக்கத்தில் உள்ளன. பிரெஞ்சுக்காரர் வருமுன்பே இருந்த மணக்குள விநாயகர் கோயில் வெள்ளை நகரத்துக்குள் இருக்கிறது.

மேடு பள்ளம் இல்லாத இந்தக் குறுகிய தூரங்களுக்கு மனித உழைப்பில் ஓடும் வண்டிகளே போதுமானவையாக இருந்தன. பிரெஞ்சுக் காலத்தில் புஸ்புஸ் என்ற வண்டி ஓடியது. அமர்ந்திருப்பவர் முன்னால் உள்ள கைப்பிடியால் திசை திருப்ப, ஆட்கள் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு ஓடுவார்கள். ஒருவரின் சுகத்துக்காக மற்றவர் வெயிலில் மூச்சிரைக்க ஓடிய ஏற்பாடு அது. பிறகு சைக்கிள் ரிக்‌ஷா வந்தது. 1926-இல் அமைந்த அரவிந்தர் ஆசிரமத்தில் இருப்பவர்களும் சைக்கிளையே பெரிதும் பயன்படுத்துவதால், கடற்கரையை ஒட்டிய தெருக்களில் அது அன்றாடக் காட்சி.

கடற்கரைச் சாலை துறைமுக வரலாற்றையும் சொல்கிறது. கரையோரக் கடல் ஆழம் குறைந்தது. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட, சலங்குப் படகுகள் சரக்கையும் ஆட்களையும் அலை கடந்து கொண்டுவந்தன. 1836-இல் கலங்கரை விளக்கம் ஏற்றப்பட்டது. 1866-இல் கட்டிய இரும்புப் பாலம் கடலுக்குள் நீண்டு கப்பல் வேலையை எளிதாக்கியது. 1952-ஆம் ஆண்டுப் புயல் அதைச் சிதைத்தது. காந்தி சிலையைச் சுற்றியுள்ள கல்தூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை. முதல் உலகப் போரில் உயிரிழந்தவர்களுக்கான நினைவுச்சின்னம் 1938-இல் திறக்கப்பட்டது.

1954 நவம்பர் 1-இல் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-இல் நிறைவேறியது. அதன்பின் நகரம் புல்வாரைத் தாண்டி வளர்ந்தது. உள்ளே இன்று கார்களும் பைக்குகளும் நெருக்குகின்றன. பழைய வீடுகள் பலவும் இடிக்கப்பட்டுவிட்டன. கடற்கரைச் சாலை மட்டும் மாலை நேரத்தில் மோட்டார் வண்டிகளுக்கு மூடப்படுகிறது. ஆட்கள் நடக்கவும் தள்ளுவண்டி ஓடவும் அமைந்த தெருக்களுக்கு இந்தப் பாதுகாப்பு இன்னும் விரிவாகக் கிடைப்பதே நியாயம்.