எல்லைக் கோடுகளும் இனக் கணக்கும்: மொரிசியசில் தொகுதி வரையறைச் சிக்கல் (1948–1968)

குடியேற்ற நாடொன்று தன்னாட்சியை நோக்கி நகரும்போது, யாருக்கு வாக்குரிமை என்னும் வினாவைத் தொடர்ந்து, அவ்வாக்குகளை எந்த எல்லைக்குள் எண்ணுவது என்னும் வினாவும் எழுகின்றது. பிரித்தானிய ஆட்சியிலிருந்த மொரிசியசில் இவ்வினா இனக் கணக்கோடு பிணைந்தவாற்றையும், அதன் விளைவையும் இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

1947ஆம் ஆண்டு அரசியலமைப்பு, எளிய வாக்கியங்களை எழுதப் படிக்கத் தெரிந்தோர்க்கு வாக்குரிமை அளித்தது. இதற்கென ஏற்கப்பட்ட மொழிகளுள் தமிழும் ஒன்றாகும். வாக்காளர் தொகை ஏறத்தாழ 12,000இலிருந்து 71,000க்கும் மேலாக உயர்ந்தது. 1948 தேர்தலில் ஐந்து பெருந்தொகுதிகளிலிருந்து 19 உறுப்பினர்கள் தேர்வாயினர். அவருள் இந்துக்களே பெரும்பான்மையினர். முசுலிம் ஒருவரும் இலர். சிறுபான்மையினரின் அச்சம் இதனால் வலுப்பெற்றது.

1956இல் பிரித்தானிய அரசு விகிதாசாரப் பிரதிநிதித்துவ முறையை முன்மொழிந்தது. அம்முறை இனவழி அரசியலை வளர்க்குமெனத் தொழிற்கட்சி எதிர்த்தது. 1957இல் இலண்டனில் எட்டப்பட்ட உடன்பாடு, முதன்மையான ஒவ்வொரு பிரிவினரும் தத்தம் தொகைக்கேற்ற பிரதிநிதித்துவம் பெறப் போதிய வாய்ப்பிருத்தல் வேண்டுமென வலியுறுத்தியது. அதன்படி அமைந்த திரஸ்டிரம் ஈவ் ஆணையம் தீவை 40 தனியுறுப்பினர் தொகுதிகளாகப் பிரித்தது. பெருந்தொகுதியில் கரைந்துபோகும் சிறுபான்மையினர், தாம் செறிந்து வாழும் சிறு தொகுதியில் வெல்லக்கூடும் என்பதே இதன் அடிப்படை. ஆயினும், சிதறி வாழ்வோர்க்கு எந்தக் கோடும் உதவாது. ஆகவே, ஆளுநர் 12 பேர்வரை நியமிக்கவும் இடமளிக்கப்பட்டது. வயதுவந்தோர் அனைவரும் வாக்களித்த முதல் தேர்தல் 1959இல் இவ்வெல்லைகளுக்குள் நடந்தேறியது.

விடுதலை நெருங்கியபோது சிக்கல் மீண்டும் தலைதூக்கியது. 1966இல் பான்வெல் ஆணையம், அடுத்தடுத்த தொகுதிகளைப் பெரும்பாலும் இணைத்து, மும்மூன்று உறுப்பினர் கொண்ட 20 தொகுதிகளை வகுத்தது. ரொட்ரிகசுத் தீவுக்கு இரண்டு இடங்களை ஒதுக்கியது. அது பரிந்துரைத்த ஈடுசெய் இடங்களைத் தொழிற்கட்சி ஏற்கவில்லை. பிரித்தானிய அமைச்சர் ஜான் ஸ்டோன்ஹவுஸ் நேரில் வந்து பேசியபின், தோற்றவருள் சிறந்தோர்க்கு எட்டு இடங்கள் வழங்க இணக்கம் காணப்பட்டது. 1967 ஆகசுட்டுத் தேர்தலில் விடுதலையை ஆதரித்த கூட்டணி 62 இடங்களுள் 39ஐ வென்றது. 1968 மார்ச்சு 12இல் நாடு விடுதலையடைந்தது.

அவ்வெட்டு இடங்களை வழங்குவதற்காக அரசியலமைப்பு மக்களை இந்து, முசுலிம், சீனர், பொதுமக்கள் என நால்வகைப்படுத்தியது. முதல் மூன்றிலும் அடங்காதவர் என வாழ்க்கைமுறையால் கருதப்படுவோர் நான்காம் பிரிவினராயினர். தமிழர்க்கெனத் தனிப் பிரிவில்லை. சைவ, வைணவத் தமிழர் இந்துக்களாகவே எண்ணப்பட்டனர். 1948இல் வாக்குரிமைக்குத் தகுதி தந்த மொழி, இருபது ஆண்டுகளில் கணக்கிலிருந்தே மறைந்தது எண்ணத்தக்கது.

இவ்வொதுக்கீட்டிற்கு 1972 குடிக்கணக்கே அளவுகோலாக நிலைத்தது. பழைய கணக்கை வைத்துக்கொண்டு, வேட்பாளர் தம் இனத்தை அறிவிக்கவேண்டுமெனக் கட்டாயப்படுத்துவது உரிமை மீறலென ஐ.நா. மனித உரிமைக் குழு 2012இல் கருத்துரைத்தது. 2014 தேர்தலுக்கு மட்டும் அக்கட்டாயம் தளர்த்தப்பட்டது. அச்சத்தைத் தணிக்க வகுக்கப்பட்ட ஏற்பாடு, அச்சம் பிறந்த காலத்தின் இனப் பகுப்பையே நிலைபெறச் செய்துவிட்டது என்பதே மொரிசியசு வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.