ஆசனப் பட்டியும் நட்டஈட்டு உரிமையும்: திருகோணமலையிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

திருகோணமலைத் துறைமுகத்தின் பெருமையைப் பேசப் புகுந்தோர் பெரும்பாலும் அதன் ஆழத்தையும், அதனைக் கைப்பற்ற ஐரோப்பியர் செய்த போர்களையுமே பேசினர். கோணேசர் மலையிற் கோட்டை எழுப்பிய போர்த்துக்கேயரிடமிருந்து 1639இல் ஒல்லாந்தர் அதனைக் கைக்கொண்டனர். 1782இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஒரே ஆண்டில் ஒருவர்பின் ஒருவராக அதனுட் புகுந்தனர். 1795இல் ஆங்கிலேயர் மீண்டும் வந்து நிலைத்தனர். ஆனால் இத்துறையில் வந்திறங்கியவை பீரங்கியும் சரக்கும் மாத்திரம் அல்ல. கண்ணுக்குப் புலனாகாத சட்டமொன்று ஒல்லாந்தரோடு கரையேறிற்று. பின்னர் இருபதாம் நூற்றாண்டில், ஆளை ஆசனத்தோடு பிணிக்கும் வார் ஒன்று வானூர்தியோடு வந்தது. இடையே முந்நூறாண்டு கழிந்த இவ்விரண்டிற்கும் தொடர்பு யாது என ஒருவர் வினவலாம். கந்தளாய் வழியிலோ கிண்ணியா வழியிலோ மோட்டார் வண்டிகள் இரண்டு மோதுண்டு, அவற்றுள் இருந்த ஒருவர் ஆசனப் பட்டியால் உயிர் பிழைத்து, அதே பட்டியால் வயிற்றில் ஊறுபட்டுக் கிடக்கும்பொழுது, அவ்விரண்டும் ஒருங்கு சந்திக்கின்றன. அச்சந்திப்பின் வரலாறு ஆராயத்தக்கது.

முதலில் சட்டத்தை நோக்குதல் முறை. ஒருவன் தன் கவலையீனத்தாற் பிறனுக்கு விளைத்த நட்டத்தை ஈடுசெய்தல் வேண்டும் என்னும் நெறி உரோமரின் அக்குயிலியச் சட்டத்திலிருந்து வருவது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் இயற்றப்பட்டதெனக் கருதப்படும் அச்சட்டம், அடிமையையோ நாற்கால் விலங்கையோ கொன்றவன் அதன் விலையைக் கொடுத்தல் வேண்டும் என்பதிலே தொடங்கிற்று. கி.பி. 533இல் யுஸ்தினியப் பேரரசன் வெளியிட்ட சட்டத் தொகுதியில், அல்பேனுஸ் என்னும் சட்டவறிஞர் ஆராய்ந்த வழக்கொன்று காணப்படுகின்றது. உரோம நகரின் கப்பிற்றோல் குன்றின் ஏற்றத்திற் பாரம் ஏற்றிய இரு வண்டிகளைக் கோவேறு கழுதைகள் இழுத்துச் சென்றன. முன்வண்டியைத் தாங்கி நின்றோர் விலக, அது பின்னோக்கி உருண்டு பின்வண்டியை மோதிற்று. பின்வண்டி ஓர் அடிமைச் சிறுவனை நசுக்கியது. யார்மேல் வழக்கிடுவது? அறிஞர் ஒரே சொல்லில் விடை கூறவில்லை. தாங்கியோர் தாமாக விலகினரா, விலங்குகள் மிரண்டமையால் விலகினரா என்று காரணத்தை முதலில் ஆராய்ந்தார். காரணம் எதுவோ அதற்கேற்ப ஈடிறுக்க வேண்டியவர் வேறுபடுவர் என்றார். வீதி விபத்து வழக்குகளின் உயிர்நாடி இன்றும் இதுவேயாம்.

எனினும் உரோமரின் நெறியில் ஒரு குறை இருந்தது. சுதந்திர மனிதனின் உடலுக்கு விலை மதித்தல் இயலாது என்று அவர்கள் கொண்டனர். ஆகவே அவன் பட்ட வேதனைக்கு ஈடு இல்லையாயிற்று. இக்குறையை நீக்கியவர் ஒல்லாந்து நாட்டார். ஹியூகோ குரோசியஸ் 1631இல் வெளியிட்ட தம் சட்ட நூலில், காயம்பட்டவர் மருத்துவச் செலவையும் இழந்த உழைப்பையும் மட்டுமன்றி, நோவுக்கும் உருக்குலைவுக்கும் பணமாக ஈடு கேட்கலாம் எனக் காட்டினார். இறந்தவரை நம்பி வாழ்ந்த மனைவி மக்களுக்கும் உரிமையுண்டு என்றார். இவ்வாறு திருந்திய சட்டமே ஒல்லாந்தரோடு இங்கு வந்தது. 1799ஆம் ஆண்டு செப்டெம்பர் 23ஆந் திகதிப் பிரகடனத்தால் ஆங்கிலேயர் அதனை நிலைக்கவிட்டனர். பிறந்த நாட்டில் 1809இல் வழக்கொழிந்த அச்சட்டம் இலங்கையிலும் தென்னாபிரிக்காவிலும் இன்றும் வாழ்வது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

இனி வாரின் வரலாறு. அது மோட்டார் வண்டிக்கு வருமுன் வானூர்திக்கு உரியதாயிருந்தது. 1917இல் பிரித்தானிய அரச பறப்புப் படையிற் பயிற்சி பெற்ற ஹியூ டி ஹேவன் என்னும் இளைஞர், வானில் நிகழ்ந்த மோதலொன்றிற் கடுமையான உள்ளூறு பட்டுப் பிழைத்தார். வயிற்றின் உறுப்புக்களைச் சிதைத்தது இடைவாரின் கொளுவியே என அவர் உணர்ந்தார். காத்த பொருளே காயமும் செய்தது என்ற அவ்வுணர்வு அவரை வாழ்நாள் முழுவதும் ஆராயச் செய்தது. 1942இல் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் மோதற்காய ஆராய்ச்சியை அவர் தொடங்கினார். அதே ஆண்டு ஏப்பிரில் 9ஆந் திகதி யப்பானிய வானூர்திகள் திருகோணமலையைத் தாக்கியபொழுது, சீனக்குடாத் தளத்திலிருந்து எழுந்த ஹரிக்கேன் போர்வானூர்திகளின் ஓட்டிகள் தோளையும் இடையையும் பிணிக்கும் வார் அணிந்தே பறந்தனர். வாரின் பயனை வானோட்டிகள் நன்கறிந்திருந்த அக்காலத்தில், கீழே வீதியிற் சென்ற வண்டிகளில் வார் இருக்கவில்லை.

வீதி வண்டிக்கு மூன்று முனைகளிற் பொருத்தும் வாரை அமைத்தவர் சுவீடன் நாட்டுப் பொறியியலாளர் நில்ஸ் போலின். அவரும் முன்னர் வானூர்தி ஆசனங்களை ஆக்கியவரே. 1959இல் வொல்வோ வண்டிகளில் அது வந்தது. அதற்கு முன்னும், பின்னர்ப் பல்லாண்டும், இடையை மட்டும் பிணிக்கும் வாரே பலவிடத்தும் வழங்கிற்று. 1962இல் கோர்னெல் ஆராய்ச்சியாளரான கரெற், பிரவுன்ஸ்றைன் என்னும் இருவர், இவ்வாரால் விளையும் ஊறுகளை ஒரு தொகுதியாக விரித்துரைத்தனர். மோதலின்போது உடல் முன்னே பாய்கின்றது. வார் இடுப்பெலும்பின்மேற் படிந்திருந்தால் அவ்விசையை எலும்பு தாங்கும். வார் மேலேறி மெல்லிய வயிற்றின்மேற் கிடந்தாலோ, குடல் வாருக்கும் முள்ளந்தண்டுக்கும் இடையில் நசுங்குகின்றது. உடல் வாரின்மேல் மடிதலால் முள்ளந்தண்டும் குறுக்கே பிளக்கக்கூடும். 1948இல் சான்ஸ் என்னும் வைத்தியர் விவரித்த முறிவு இவ்வகையினது. தோள்வாரால் விலா, மார்பெலும்பு, காறையெலும்பு ஆகியன முறிதலும் உண்டு.

இவ்வூறுகளின் கொடுமை யாதெனில், அவற்றுட் சில உடனே வெளிப்படாமையே. தோலில் வார் பதிந்த சிராய்ப்புத் தழும்பு மாத்திரமே தோன்றும். நோயாளி தாம் நலமென்று கூறி வீடு செல்வார். குடலிற் பட்ட சிறு துளை சில மணி நேரம் கழித்தோ மறுநாளோ வயிற்றுவலியும் காய்ச்சலுமாக வெளிப்படும். ஆகவே வார்த்தழும்பு கண்ட ஒருவரை வைத்தியர் கண்காணிப்பில் வைத்தல் இன்றியமையாதது.

இதனைக் கேட்டோர் வாரை வெறுத்தல் பெரும் பிழையாகும். வார் செய்யும் ஊறு பெரும்பாலும் உயிரைக் காத்ததற்குக் கொடுத்த விலை. வார் இல்லாதவர் கண்ணாடியிலோ வீதியிலோ எறியுண்டு மாள்வர். 1970இல் அவுத்திரேலியாவின் விக்ரோறியா மாநிலம் வார் அணிதலைச் சட்டமாக்கிற்று. இலங்கையில் 2011 ஒக்ரோபரிலிருந்து சாரதிக்கும் முன்னாசனத்தவர்க்கும் அது கட்டாயமாயிற்று. வேண்டுவது முறையாக அணிதலே. இடைவார் தாழ்ந்து இடுப்பெலும்பிற் படியவும், தோள்வார் மார்பின் குறுக்கே செல்லவும், கருவுற்ற மகளிர்க்கு இடைவார் வயிற்றுக்குக் கீழே அமையவும் வேண்டும். சிறுவருக்கு அவர் அளவுக்கேற்ற ஆசனம் தேவை.

சட்டமும் வாரும் சந்திக்கும் இடம் இம்மாவட்டத்தின் வீதி. 2009 ஒக்ரோபரிற் கிண்ணியாப் பாலம் திறக்கப்படுமுன், அங்கு நீரைக் கடக்கப் பாதை எனப்படும் மிதவைக்குக் காத்திருந்தனர். போர் ஓய்ந்து வீதிகள் செப்பனிடப்பட்டபின் பயணம் விரைவாயிற்று. விரைவோடு மோதலின் விசையும் மிகுந்தது. ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையிலே இரவில் யானை குறுக்கிடச் சாரதி திடீரென வண்டியை நிறுத்த நேர்வதுமுண்டு. காரணத்தை முதலில் ஆராய்க என்ற பழைய உரோம விதி இங்கே பொருந்துகின்றது. யானை வந்தது ஒருவர் பிழையன்று. அதன் பின்னே இடைவெளியின்றி விரைந்து வந்து மோதியவரின் செயல் கவலையீனமாகலாம்.

கவலையீனம் நிலைநாட்டப்பட்டால், அச்சாரதிமீதும், அவர் பிறரின் ஊழியராகக் கடமையில் இருந்தாராயின் அவரைப் பணித்தவர்மீதும் வழக்கிடலாம். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாந் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கி, தீர்ப்புப் பணத்தைக் காப்புறுதி நிறுவனம் கொடுக்கவும் வழிசெய்தது. ஆயின் வழக்குத் தொடருமுன்னரோ, தொடர்ந்த 7 நாள்களுக்குள்ளோ, அந்நிறுவனத்துக்கு அறிவித்தல் கொடுக்கப்படல் வேண்டும். இந்த ஓர் அறிவித்தலை மறந்தவர் தீர்ப்பைப் பெற்றும் காப்புறுதிப் பணத்தை இழப்பர்.

வார் அணியாதவர், அல்லது பிழைபட அணிந்தவர், ஈடு பெறுவாரா? முன்னாளில் ஊறுபட்டவரின் பிழையும் விபத்துக்குக் காரணமாயின் அவர் முழு ஈட்டையும் இழக்க நேர்ந்தது. இங்கிலாந்து 1945இலும், தென்னாபிரிக்கா 1956இலும், இலங்கை 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தாலும் இக்கடுமையை நீக்கின. அதன்பின் ஈடு பிழைக்கேற்பக் குறையுமேயன்றி அழியாது. 1975இல் இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் டெனிங் பிரபு ஓர் அளவு வகுத்தார். வார் அணிந்திருந்தால் ஊறு முற்றாகத் தவிர்ந்திருக்குமாயின் நூற்றுக்கு 25 குறைக்க. ஓரளவு தணிந்திருக்குமாயின் 15 குறைக்க. அணிந்தும் பயனில்லையாயின் குறைத்தல் வேண்டா என்றார். அத்தீர்ப்பு இலங்கை நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. எனினும் அதன் நியாயம் எடுத்துக்காட்டத் தக்கது.

வாரே பழுதுற்றிருந்தால் என் செய்வது? கொளுவி மோதலில் தானே கழன்றிருக்கலாம். பொருத்திய ஆணி பிடுங்குண்டிருக்கலாம். 1932இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை, பொருளை ஆக்கியவர் அதனை இறுதியிற் பயன்படுத்துவோர்பாற் கவனம் செலுத்தக் கடமைப்பட்டவர் என நிறுவிற்று. 1968இல் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றமொன்று, வண்டிகள் மோதுதல் எதிர்பார்க்கத்தக்கதாகலின் அதற்கேற்ப அவற்றை வகுத்தலும் ஆக்கியவரின் கடமையே என்றது. இலங்கையில் இத்தகைய வழக்கைத் தொடுப்பவர் பழைய அக்குயிலிய நெறிப்படி கவலையீனத்தை நிலைநாட்டல் வேண்டும். அதற்கு அவ்வாரே முதற் சான்று. திருத்துமிடத்தில் அதனை அறுத்தெறிய விட்டவர் தம் வழக்கையும் உடன் எறிந்தவராவர்.

துறைமுகத்திலும் ஆலைகளிலும் தொழில் செய்வோர் கடமையின்போது ஊறுபட்டால், 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வேறொரு வழி தருகின்றது. அங்கே முதலாளியின் கவலையீனத்தை நிலைநாட்டல் தேவையில்லை. 2022இன் திருத்தம் வேலைக்குப் போகும் வழியையும் திரும்பும் வழியையும் உட்படுத்திற்று. விபத்தில் ஒருவர் இறந்துபடின், உற்றார் பொருளிழப்புக்கு மாத்திரமன்றி, இழந்த அன்புக்கும் துணைக்கும் ஈடு கேட்க 2019இன் சட்டம் இடமளித்தது.

இவ்வுரிமைகள் அனைத்துக்கும் பகை காலமே. 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி, ஊறுக்கான நட்டஈட்டு வழக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் தொடரப்படல் வேண்டும். பொலிசார் தொடரும் குற்ற வழக்கு முடியட்டும் என்று காத்திருப்போர் பலர். அவ்வழக்கு வேறு, இது வேறு. ஒன்றிற்காக மற்றதன் காலம் நில்லாது. வண்டியின் உரிமையாளர் கொழும்பில் வாழினும், விபத்து நிகழ்ந்த இடத்து நீதிமன்றத்தில் வழக்கிடலாம் என்பதும் அறிதற்பாலது. வைத்தியசாலைக் குறிப்பில் வார்த்தழும்பு எழுதப்பட்டதா, அதன் படம் எடுக்கப்பட்டதா, பொலிசில் முறைப்பாடு பதியப்பட்டதா, செலவுச் சீட்டுக்கள் பேணப்பட்டனவா என்பவற்றை முதல் நாள்களிலேயே உறவினர் கவனித்தல் வேண்டும். காயம் ஆறியபின் கையெழுத்துக் கேட்டு வரும் சிறு தொகையை முழுத் தீர்வென ஏற்குமுன் வழக்கறிஞரை நாடுதல் நன்று.

கப்பிற்றோல் ஏற்றத்தில் உருண்ட வண்டியிலிருந்து கந்தளாய்ச் சாலையில் மோதிய வண்டி வரை, சட்டம் கேட்கும் வினா ஒன்றே: இவ்வூறு யாருடைய கவலையீனத்தால் விளைந்தது? அவ்வினாவை எழுப்பும் உரிமை இத்துறைமுகத்தில் முந்நூறாண்டுக்கு மேலாக உள்ளது. ஆயின் வாரைப் போன்றே உரிமையும், வேளையறிந்து முறையாக அணிந்தவரையே காக்கும்.