பகரமும் ஹகரமும்

நீலசந்திராவில் பால் வாங்கப் போகிறவர் ‘பால்’ என்றும் கேட்கலாம், ‘ஹாலு’ என்றும் கேட்கலாம். கடைக்காரர் அதே நந்தினி பாக்கெட்டைத்தான் எடுத்து நீட்டுவார். 1809இல் பெங்களூரில் ஆங்கிலேயரின் தண்டு அமைந்ததும் பட்டாளத்தின் பின்னாலேயே தமிழர்கள் வந்து இறங்கினார்கள். பின்னால் ஆஸ்டின் டவுன், விவேக் நகர், நீலசந்திரா என்று குடும்பங்கள் பரவின. இங்கே இரண்டு மொழியும் ஒரே வாசலில் புழங்குகின்றன.

வேலூர், திருப்பத்தூர்ப் பக்கமிருந்து வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் மாலையில் கன்னடம் சொல்லிக்கொடுக்கிறேன். முதல் நாள் எழுத்தைத் தொடுவதில்லை. பத்து – ஹத்து, பல் – ஹல்லு, புலி – ஹுலி, பூ – ஹூவு, பெண் – ஹெண்ணு என்று பலகையில் எழுதிவிட்டு, “பாடுறதுக்கு என்னப்பா வரும்?” என்று கேட்பேன். பின்வரிசையிலிருந்து “ஹாடு, டீச்சர்” என்று குரல் வந்துவிடும். யாரும் சொல்லித்தராத சொல் அது. பழங்கன்னடத்தில் இவை எல்லாம் பகரத்தில்தான் தொடங்கின. 10ஆம் நூற்றாண்டு வாக்கில் ஹகரம் தலைகாட்டியது, 14ஆம் நூற்றாண்டுக்குள் ஊன்றிவிட்டது. அந்த வரலாறு முழுவதும் அந்தப் பையனின் ஊகத்துக்குள் இருக்கிறது.

மொழிகளை ஒப்பிடும் கலை இந்த ஒழுங்கின்மேல்தான் நிற்கிறது. சென்னையில் கலெக்டராக இருந்த எல்லிஸ் 1816இல் தெலுங்கு, கன்னடம், தமிழ் வேர்ச்சொற்களை அடுத்தடுத்து நிறுத்தி, இவை சம்ஸ்கிருதத்தின் பிள்ளைகள் அல்ல, தங்களுக்குள் உறவினர் என்று காட்டினார். தெலுங்கு வேர்களைத் தொகுத்துத் தந்தவர் சென்னைக் கல்லூரியின் தலைமையாசிரியர் பட்டாபிராம சாஸ்திரி. அவர் பெயரை யாரும் சொல்வதில்லை, சொல்ல வேண்டும். நாற்பது ஆண்டு கழித்து, 1856இல், திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் அந்த உறவுக்கு முழு இலக்கணமே எழுதினார்.

சொல் வரிசை ஒத்துப்போவதை வைத்து உறவு சொல்லிவிட முடியாது. ஜப்பானியர் ‘வதாஷி மிஜுவோ நோமு’ என்பார். நான், தண்ணீரை, குடிக்கிறேன்: நம் வாக்கியத்தின் அதே நடை, ஐகாரத்தின் இடத்தில் ஓகாரம். பால்டிக் கடலோரத்து லாத்வியர் வினைச்சொல்லை நடுவில் வைப்பார். ஆனால் அவர் தண்ணீருக்குச் சொல்லும் ‘ஊதென்ஸ்’ சம்ஸ்கிருத உதகத்தின் உறவு. அவருடைய கடவுள் ‘தியெவ்ஸ்’, நெருப்பு ‘உகுன்ஸ்’. நம் தெருக்கோயில் பலகையில் ‘தேவ’ என்று தொடங்கும் சொல்லுக்கு ரிகா நகரத்தில் ஒரு பங்காளி இருக்கிறது. கட்டுமானத்தில் நமக்கு நெருக்கமாகத் தெரியும் ஜப்பானியத்துக்கோ தமிழோடு அப்படி ஒரு உறவை இதுவரை யாரும் ஐயமற நிறுவவில்லை.

நிறுவ முயன்றவர்களில் பெரியவர் ஓனோ சுசுமு (1919–2008), தோக்கியோவின் கக்குஷுயின் பல்கலைக்கழகப் பேராசிரியர், பழஞ்ஜப்பானிய அகராதி செய்தவர். தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உள்ள ஒலி ஒப்புமை பற்றிய அவருடைய நூல் 1980இல் வந்தது. சென்னையில் பொற்கோவும், யாழ்ப்பாணத்து சண்முகதாஸ், மனோன்மணி தம்பதியரும் அவருக்குத் துணைநின்றார்கள்.

அவர் பிடித்த இழைகளில் ஒன்று நீலசந்திராவில் நாங்கள் பிடிக்கும் அதே இழை. இன்றைய ஜப்பானிய ஹகரமும் முன்பு பகரம்தான். இதற்குச் சான்று அவர்களுடைய அரிச்சுவடியிலேயே இருக்கிறது. அ, இ, உ, எ, ஒ என்று தொடங்கி க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ என்று போகிறது வரிசை. புத்த பிக்குகள் சம்ஸ்கிருத எழுத்தைப் படித்து அமைத்துக்கொண்ட அடுக்கு அது. நகரத்துக்கும் மகரத்துக்கும் நடுவே நாம் பகரம் வைத்திருக்கும் இடத்தில் அவர்களுக்கு ஹகரம்! இரண்டு ஒலிக்கும் நடுவில் நின்ற நிலையையும் பார்க்கலாம்: 1603இல் நாகசாகியில் ஏசுசபையார் அச்சிட்ட அகராதியில், இன்று ‘ஹனா’ என்று சொல்லப்படும் பூ ‘ஃபனா’ என்றே இருக்கிறது.

இதைக் கைக்கொண்டு ஓனோ, வயலைக் குறிக்கும் ‘ஹதகே’யைத் தமிழ்ப் ‘படுகர்’ பக்கத்தில் வைத்தார். சுமார் 500 சொற்களை இப்படி இணைத்தார். நெல்லும் இரும்பும் நெசவும் தமிழோடு சேர்ந்து ஜப்பானுக்குப் போயின என்றார். வடஜப்பானில் ஜனவரி 15ஆம் நாள் சடங்கில் கேட்கும் ‘ஹோங்கா’ என்ற கூவலில் பொங்கலோ பொங்கலைக் கேட்டார்.

என்னால் அதை ஏற்க முடியவில்லை. அறிஞர்கள் பலரும் ஏற்கவில்லை. பொருளைக் கொஞ்சம் நெகிழ்த்தினால் எந்த இரண்டு பெரிய அகராதிக்கும் இடையே ஜோடிகள் அகப்படும். ஒன்று, இரண்டு, மூன்று என்பதற்கு எதிரே அவர்களுடைய ஹிதோத்சு, ஃபுதாத்சு, மித்சு நிற்கின்றன. எண்ணுப்பெயர் ஒன்றிலும் பிடி கிடைக்கவில்லை. ஓனோவே பின்னாளில் ஒரே மொழிக்குடும்பம் என்பதை விட்டு, ஜப்பானியம் தமிழோடு கலந்து உருவான மொழி என்று மாற்றிச் சொன்னார். இருந்தாலும் முதிய வயதில் தமிழ் கற்று, பல்லாண்டு ஒவ்வொரு சொல்லாகச் சலித்த அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ‘ஜப்பானுக்கே தாய் தமிழ்’ என்று மேடையில் முழங்குகிறவர்கள் அந்த உழைப்பைத் தொட்டவர்கள் அல்லர்.

அந்த முழக்கம் எனக்கு வலிக்கக் காரணம் இந்த ஊர்தான். 1991 டிசம்பரில் காவிரியின் பெயரால் பெங்களூரில் தமிழர் வீடுகள் எரிந்தன, குடும்பங்கள் ஊரைவிட்டு ஓடின. சந்தேகமே இல்லாத உறவு பக்கத்து வீட்டில் இருக்க, நாம் கடல் தாண்டிச் சொந்தம் தேடிக்கொண்டிருந்தோம்.

ஊருக்குப் போய்த் திரும்பும் பிள்ளைகளிடம் ஊர்ப்பெயர்களைக் குறித்துவரச் சொல்வேன். மாரத்தஹள்ளியின் ‘ஹள்ளி’யும் திருச்சிராப்பள்ளியின் ‘பள்ளி’யும் ஒரே சொல். தருமபுரிப் பையன் ஒருவன் மாரண்டஹள்ளியை எழுதிவந்தான். “டீச்சர், எல்லை தாண்டி எங்க ஜில்லாவுலயும் ஹள்ளி இருக்கே?” இருக்கிறது. மாநில எல்லை 1956இல் போட்டது. ஹகரம் அதற்கு அறுநூறு ஆண்டு முன்பே ஊன்றிவிட்டது.