வாங்கில் இருக்கிறவன்ட பெறுமதி

1975 மார்ச், கோலாலம்பூர். உலகக் கிண்ண ஹொக்கி அரையிறுதியில் இந்தியாவும் மலேசியாவும் மோதுகின்றன. மலேசிய அணிக்குத் தலைவர் ஸ்ரீ சண்முகநாதன். இந்திய அணியில் தமிழ்நாட்டைச் சேர்ந்த வி. ஜே. பிலிப்ஸ். ஆட்டம் முடிய இன்னும் சில நிமிடங்கள்தான் இருக்கு. இந்தியா 1-2 எண்டு பின்னுக்கு நிற்குது.

அப்போது இந்திய அணியின் முகாமையாளர் பல்பீர் சிங் ஒரு முடிவெடுத்தார். பின்வரிசையில் விளையாடிக் கொண்டிருந்த மைக்கல் கிண்டோவை வெளியே எடுத்து, அதுவரை வாங்கில் இருந்த அஸ்லம் ஷேர் கானை உள்ளே அனுப்பினார். கிடைத்த பெனல்டி கோர்னரில் அஸ்லம் அடித்த பந்து கோலுக்குள் போனது. ஆட்டம் 2-2. மேலதிக நேரத்தில் ஹர்சரண் சிங் வெற்றிக் கோலைப் போட்டார். இறுதியாட்டத்தில் இந்தியா பாகிஸ்தானை 2-1 என வென்றது. ஆண்கள் ஹொக்கியில் இந்தியா இதுவரை வென்ற ஒரேயொரு உலகக் கிண்ணம் அதுதான்.

இந்தக் கதையைச் சொல்லுற ஆக்கள் அஸ்லமின் அடியைத்தான் சொல்லுவார்கள். எங்களுக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அதற்கு முந்தின கணம். வாங்கில் இருக்கிறவர்களில் இந்த வேலைக்கு இவன்தான் எண்டு பல்பீருக்கு எப்படித் தெரிந்தது? ஒரு அணியின் பதின்மூன்றாவது, பதினைந்தாவது ஆளின் பெறுமதியை எதை வைத்து அளக்கிறது?

விளையாட்டுச் சட்டங்களே இந்தக் கேள்விக்குக் காலத்துக்குக் காலம் வேறு வேறு பதில் சொல்லியிருக்கின்றன. கிரிக்கட்டில் காயப்பட்டவருக்குப் பதிலாக வருகிறவர் பொதுவாகக் களத்தடுப்பில் மட்டுந்தான் நிற்கலாம். உதைபந்தாட்ட உலகக் கிண்ணத்தில் மாற்று வீரரை இறக்க 1970இல்தான் இடம் கிடைத்தது. பதக்கம் அதற்கும் பிறகு. 1974 வரைக்கும் இறுதியாட்டத்தில் விளையாடிய வெற்றி அணியினருக்குத்தான் பதக்கம். குழாமில் இருந்த மற்ற ஆக்களுக்கு வெறும் கை. பல பத்தாண்டுகளுக்குப் பிறகுதான் ஃபிஃபா அதைத் திருத்தியது. 1966இல் கிண்ணம் வென்ற இங்கிலாந்துக் குழாமில் இருந்த ஜிம்மி கிரீவ்ஸ் தன்ட பதக்கத்தை 2009இல்தான் கையில வாங்கினார்.

ஹொக்கியில் பெரிய மாற்றம் வந்தது 1992இல். எத்தனை தரமும் ஆளை மாற்றலாம், வெளியே போனவர் திரும்பவும் வரலாம் எண்டு சட்டம் வந்தது. அதோடு ஆட்டத்தின் வேகமே மாறிப்போச்சு. களைத்தவர் வெளியே வர, மூச்சு வாங்கி முடித்தவர் உள்ளே போவார். கனடாவில் இருக்கிற எங்கட சொந்தக்காரர் பார்க்கிற பனி ஹொக்கியில் இது இன்னும் கடுமை. அங்க ஒரு வீரர் ஒரு தரத்துக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம்தான் களத்தில் நிற்பார். களத்தில் ஒரு பக்கம் ஆறு பேர், அன்றைய ஆட்டத்துக்கு 20 பேர், முழுக் குழாமில் 23 பேர். இப்படியான ஆட்டத்தில் வாங்கு என்பது காத்திருக்கிற இடம் மட்டும் இல்ல, அதுவும் ஆட்டத்தின் ஒரு பகுதி.

டோக்கியோ ஒலிம்பிக்கை எடுங்க. முதலில் 16 பேருக்குத்தான் அணியில் இடம். சிம்ரன்ஜீத் சிங் அதற்கு வெளியே, மேலதிக வீரராக இருந்தார். கொரோனா காரணமாகச் சட்டத்தைத் தளர்த்தி, 18 பேரில் இருந்து ஒவ்வொரு ஆட்டத்துக்கும் 16 பேரைத் தெரிவு செய்யலாம் என்றார்கள். 2021 ஆகஸ்ட் 5, ஜேர்மனியுடன் வெண்கலப் பதக்க ஆட்டம். ஒரு கட்டத்தில் 1-3 என்று பின்தங்கிய இந்தியா 5-4 என வென்றது. அதில் இரண்டு கோல் சிம்ரன்ஜீத் போட்டது. 1980இல் சென்னைக்காரர் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் வென்ற தங்கத்துக்குப் பிறகு, 41 வருசம் கழித்து வந்த பதக்கம் அது. அந்தச் சட்டம் மாறாமல் இருந்திருந்தால் அண்டைக்கு அவர் வெளியே இருந்து பார்த்திருப்பார்.

சரி, காசுக் கணக்கு என்ன சொல்லுது? 2024இல் மீண்டும் தொடங்கிய ஹொக்கி இந்தியா லீக் ஏலத்தில், ஆண்கள் அணி ஒவ்வொன்றுக்கும் இந்திய ரூபாயில் 4 கோடி வரம்பு. அதற்குள் 24 பேரை எடுக்க வேண்டும். அதில் நாலு பேராவது இளையோர் பிரிவு வீரர்களாக இருக்க வேணும். சூர்மா அணி ஹர்மன்பிரீத் சிங்கை 78 இலட்சத்துக்கு எடுத்தது. மிச்சம் 3 கோடி 22 இலட்சம், எடுக்க வேண்டியது 23 பேர். சராசரி ஆளுக்கு 14 இலட்சம். பெயர் பெற்றவருக்கு ஏலத்தில் எல்லாரும் கை தூக்குவார்கள், விலையும் தானாக ஏறும். இந்த 14 இலட்சத்துக்கு யாரை எடுக்கிறது என்பதில்தான் அணி கட்டுகிறவர்களின் கெட்டித்தனம் தெரிய வரும்.

அப்போ அளக்கிறது எப்படி? நாங்க மூன்று விசயத்தைப் பார்க்கச் சொல்லுவோம்.

முதலாவது, யாரோடு ஒப்பிடுகிறோம். வாங்கில் இருக்கிறவனை அணியின் நட்சத்திரத்தோடு ஒப்பிட்டால் அவன் எப்பவும் குறைவாகத்தான் தெரிவான். அவன் இல்லாட்டி அந்த இடத்தில் யார் நிற்பார்? அந்த ஆளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேணும். அந்த இடைவெளிதான் அவன்ட பெறுமதி.

இரண்டாவது, எந்த வேலைக்கு. அஸ்லம் முழு ஆட்டத்துக்கும் கிண்டோவைவிடச் சிறந்தவரா என்பது அண்டைக்குக் கேள்வியே இல்ல. ஒரு பெனல்டி கோர்னர் கிடைத்தால் அதை அடிக்க ஆள் வேணும். ஒரு வேலையைத் திருத்தமாகச் செய்கிறவனும் சரி, இரண்டு மூன்று இடத்தில் நின்று சமாளிக்கிறவனும் சரி, அணிக்குத் தேவைப்படுகிற நேரம் வந்தே தீரும்.

மூன்றாவது, எத்தனை வாய்ப்புக் கொடுத்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுறோம். மார்வன் அத்தபத்துவை எங்கட நாட்டில் தெரியாத ஆள் இல்ல. 1990இல் அவர் முதல் டெஸ்ட் விளையாடினார். இரண்டு இன்னிங்ஸிலும் பூச்சியம். அடுத்த டெஸ்ட் 1992இல், பூச்சியமும் ஒன்றும். மூன்றாவது 1994இல், திரும்பவும் இரண்டு பூச்சியம். ஆறு இன்னிங்ஸ், மொத்தம் 1 ஓட்டம். அத்தோடு கணக்கை மூடியிருந்தால் பிறகு அவர் அடித்த 5501 டெஸ்ட் ஓட்டங்களும் ஆறு இரட்டைச் சதங்களும் இல்ல. இரண்டு வருசத்துக்கு ஒருக்கா இறக்கிவிட்டு, "இவன் சரிவர மாட்டான்" என்று சொல்லுறது சுகம். அந்த ஆறு இன்னிங்ஸ் அவரைப் பற்றிச் சொன்னது மிகக் கொஞ்சம்.

மட்டக்களப்பில் இதையெல்லாம் விளங்கிக்கொள்ள ஹொக்கியைத் தேடிப் போகத் தேவையில்ல. எங்கட ஊருக்குக் கூடைப்பந்து இருக்கு. அமெரிக்காவில் இருந்து வந்த இயேசு சபைக் குருமார் இங்கே அதை வளர்த்தெடுத்தார்கள். வெபர் மைதானத்துக்கு அப்படி வந்த ஒரு குருவின் பெயர்தான். இன்னொருவர் யூஜின் ஹெபியர் அடிகளார். புனித மிக்கேல் கல்லூரியிலும் திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரியிலும் கூடைப்பந்து பயிற்றுவித்தவர். 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையில் இருந்து மட்டக்களப்புக்கு வெளிக்கிட்டவர் வந்து சேரவே இல்ல. கூட வந்த தமிழ் இளைஞரும் காணாமல் போனார். பயிற்றுவிக்கிறவரின் பெயர் புள்ளிப் புத்தகத்தில் வராது. ஆனா எந்தப் பொடியன் எதைச் செய்வான் எண்டு வருசக் கணக்காகப் பார்த்து வைத்திருக்கிறது அவருடைய கண்தான். அப்படி ஒருவர் இல்லாமல் போகிற நேரம், வாங்கில் இருக்கிற அத்தனை பேரையும் அறிந்த ஒரு நினைவும் அவரோடு போகுது. எங்கட மாவட்டம் போரில் இழந்தவற்றைப் பட்டியல் போடுகிற யாரும் இதை அதில் எழுதுவதில்ல.

கூடைப்பந்தில் இன்னொரு சின்னக் கணக்கும் இருக்கு. களத்தில் ஐந்து பேர். ஆனால் ஐந்துக்கு ஐந்து என்று பயிற்சி எடுக்கப் பத்துப் பேர் வேணும். ஆறாவதில் இருந்து பத்தாவது வரைக்கும் உள்ளவர்கள் வராட்டி, முதல் ஐந்து பேரும் சும்மா பந்தைத் தட்டிக் கொண்டிருக்க வேண்டியதுதான். எங்கட கொம்புமுறியிலும் அப்படித்தானே. கொம்பு முறிகிறதைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். கயிற்றை இழுக்கிறது வடசேரி, தென்சேரி ஆக்கள் முழுப்பேரும்.

இப்ப எங்கட கழகங்களில் நடக்கிறது என்ன? சுற்றுப்போட்டி அறிவித்ததும் இருபது பேர் வருவார்கள். மூன்றாம் கிழமை பன்னிரண்டு பேர். வாங்கில் இருந்து இருந்து அலுத்தவன் ட்யூஷனுக்குப் போவான், வேலைக்குப் போவான், கட்டாருக்கு வெளிக்கிடுவான். பிறகு ஒருத்தனுக்குக் கால் பிரளுகிற நேரம்தான் "ஆள் காணாது" எண்டு ஓடித் திரிவோம். அவன் வீட்டில் இருந்து குடும்பத்தைப் பார்க்க வேண்டியவன் என்றால் நாங்க தடுக்க ஏலாது. ஆனா தன்னை ஒருத்தரும் கவனிக்கல்ல என்று போனவனை நாங்கதான் அனுப்பிவிட்டிருக்கிறோம்.

செய்யக்கூடியது பெரிய வேலை இல்ல. புள்ளிப் புத்தகத்தோடு இன்னொரு கொப்பியும் வைக்கலாம்: பயிற்சிக்கு யார் வந்தது, யார் எத்தனை நிமிடம் விளையாடினது, எந்த இடத்தில் நல்லா நின்றது. வெற்றி உறுதியான ஆட்டத்தின் கடைசிப் பத்து நிமிடத்தை வாங்கில் இருக்கிறவர்களுக்குக் கொடுக்கலாம். கிண்ணத்தோடு படம் எடுக்கும்போது அவர்களையும் கூப்பிட்டு நிறுத்தலாம். அடுத்த சுற்றுப்போட்டிக்கு அணியைத் தெரிவு செய்கிறவர்கள் முதல் ஐந்து பேரை எழுதிய கையோடு பேனையை மூடாமல், பத்தாவது ஆள் வரைக்கும் யோசித்து எழுதுங்க.