ஷூட்அவுட் போக்கர்: மேசைக்கு ஒருவர்தான் ஜெயிக்க முடியும், எப்படி ஆடுவது? பாறசாலை எல்லையில் சட்டம் என்ன சொல்கிறது?

களியக்காவிளையைத் தாண்டி, இஞ்சிவிளை வழியாகப் பாறசாலைக்குள் நுழைந்தால் லாட்டரிக் கடைகள் கண்ணில் படத் தொடங்கும். கேரள அரசு லாட்டரி 1967-ல் தொடங்கியது. தமிழ்நாட்டிலோ லாட்டரிக்கு 2003 முதல் தடை. சாலை ஒன்றுதான், சட்டம் இரண்டு.

ஆன்லைன் போக்கரும் சில வருடங்கள் இதே நிலையில்தான் இருந்தது. "ஆப் இங்கே ஓடலையா? அந்தப் பக்கம் போய் ஆடிக்கலாம்" என்ற பேச்சை நெய்யாற்றின்கரை, பாறசாலை எல்லைக் கிராமங்களில் இருந்து டெக்னோபார்க் வேலைக்குப் போய்வரும் உங்களில் பலர் கேட்டிருக்கலாம். அந்தப் பேச்சு இன்று செல்லாது. ஏன் என்பதைக் கடைசியில் பார்க்கலாம். முதலில் ஆட்டத்துக்கு வருவோம்.

ஷூட்அவுட் என்றால் என்ன?

சாதாரண போக்கர் தொடரில் ஆட்கள் வெளியேற வெளியேற மேசைகளைக் கலைத்து, மிச்சம் இருப்பவர்களை வேறு மேசைக்கு மாற்றுவார்கள். ஷூட்அவுட்டில் மேசையைக் கலைப்பதே கிடையாது. ஒவ்வொரு மேசையிலும் ஒரே ஒருவர் எல்லா சிப்களையும் வெல்லும்வரை ஆட்டம் நடக்கும். அவர் மட்டும்தான் அடுத்த சுற்றுக்குப் போவார். அங்கே எல்லோருக்கும் மறுபடி சம அளவு சிப்.

மேசைக்கு 10 பேர் என்று 1,000 பேர் ஆடினால், முதல் சுற்றில் 100 பேர் ஜெயிப்பார்கள். இரண்டாம் சுற்றில் 10 பேர். அந்தப் பத்துப் பேரும் இறுதி மேசையில் உட்காருவார்கள். லாஸ் வேகஸில் நடக்கும் உலக போக்கர் தொடரில் ஷூட்அவுட் ஒரு தனிப் பிரிவாகவே நடந்திருக்கிறது.

இரண்டாம் இடத்துக்கு மதிப்பில்லை: அதனால் என்ன மாறுகிறது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மேசையில் 3 பேர், மூவரிடமும் தலா 10,000 சிப். ஒருவர் மொத்த சிப்பையும் வைத்து 'ஆல்-இன்' போகிறார். மற்றவர் சீட்டைப் போட்டுவிட்டார். நீங்கள் எதிர்த்து ஆட வேண்டுமா?

சாதாரணத் தொடரின் முடிவில் பரிசு 50, 30, 20 புள்ளிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒதுங்கினால் உங்கள் சராசரி மதிப்பு 33.3 புள்ளி. ஆடித் தோற்றால் 20. ஜெயித்தால் மூன்றில் இரண்டு பங்கு சிப் உங்களிடம் இருக்கும். அதன் மதிப்பு சுமார் 43.3 புள்ளி. அதாவது ஜெயித்தால் கூடுவது 10, தோற்றால் குறைவது 13.3. கட்டாயமாகப் போடும் பிளைண்ட் தொகையைக் கணக்கில் விட்டால், உங்கள் சீட்டு சுமார் 57 சதவீதம் ஜெயிக்கக்கூடியதாக இருந்தால்தான் ஆடலாம்.

ஷூட்அவுட்டில் முதலிடத்துக்கு மட்டுமே மதிப்பு. அதே இடத்தில் 50 சதவீதத்தைத் தாண்டினாலே ஆடலாம். 'இன்னும் ஒருத்தர் வெளியே போகட்டும்' என்று காத்திருப்பதில் லாபம் எதுவும் இல்லை. பலர் தோற்பது இங்கேதான். சாதாரணத் தொடரில் பழகிய பயத்தை அப்படியே இந்த மேசைக்கும் கொண்டுவந்து விடுகிறார்கள்.

எந்தக் கட்டத்தில் எப்படி ஆடுவது?

9, 10 பேர் இருக்கும்போது: பொறுமை வேண்டும். பிளைண்ட் சிறியது, எதிரே ஆட்கள் அதிகம். நல்ல சீட்டு வந்தால் மட்டும் இறங்குங்கள். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு உட்காராதீர்கள். இதே முகங்களோடுதான் கடைசிவரை ஆடப்போகிறீர்கள். யார் அடிக்கடி பயந்து ஒதுங்குகிறார், யார் எதற்கும் விடாமல் கூட வருகிறார், யார் சும்மா மிரட்டுகிறார் என்று கவனியுங்கள். இருபத்தெட்டு, ஐம்பத்தாறு ஆடிப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. கையில் உள்ள சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே எதிராளியின் கேள்வியை வைத்து அவர் கையை எடை போடும் பழக்கம் அது.

5, 6 பேர் ஆனதும்: வேகத்தைக் கூட்டுங்கள். பிளைண்ட் உங்களிடம் அடிக்கடி வரும். காத்திருந்தாலே சிப் கரையும். கடைசியாக முடிவெடுக்கும் இடத்தில் இருக்கும்போது சுமாரான சீட்டிலும் தொகையை உயர்த்தலாம். ஒதுங்கும் பழக்கம் உள்ளவரின் பிளைண்டைக் குறி வையுங்கள்.

சிப் குறைந்துவிட்டால்: பெரிய பிளைண்டைப் போல் 10 மடங்குக்கும் கீழே வந்துவிட்டால் சின்னச் சின்னதாகப் போட்டுக் கரைக்காதீர்கள். ஆல்-இன் போவது அல்லது ஒதுங்குவது, இந்த இரண்டில் ஒன்று.

இருவர் மட்டும் மிஞ்சும்போது: இதுதான் ஷூட்அவுட்டின் உயிர். ஒவ்வொரு சுற்றும் இருவர் ஆட்டத்தில்தான் முடியும். டீலர் இடத்தில் இருப்பவர் சிறிய பிளைண்ட் போட்டு முதலில் ஆடுவார். பொதுச் சீட்டுகள் விழுந்த பிறகு கடைசியாக ஆடுவார். அந்த இடத்தில் இருக்கும்போது பெரும்பாலான சீட்டுகளை ஆடலாம். ஏஸ் உள்ள எந்தக் கையும், எந்த ஜோடியும் இங்கே நல்ல சீட்டு. பத்துப் பேர் மேசையில் தூக்கிப் போட்ட கைகள் இங்கே மதிப்புப் பெறும். பயிற்சிக்கு ஒரு மணி நேரம் கிடைத்தால், அதை இருவர் ஆட்டத்துக்கே கொடுங்கள்.

இறுதி மேசை: இங்கே மட்டும் பொதுவாக ஒவ்வொரு இடத்துக்கும் தனிப் பரிசு இருக்கும். எனவே மேலே சொன்ன 57 சதவீதக் கணக்கு மறுபடி உயிர் பெறும். முதல் இரண்டு சுற்றில் காட்டிய துணிச்சலை இங்கே கொஞ்சம் அடக்க வேண்டும்.

திறமை இருந்தால் ஜெயித்துவிடலாமா?

எல்லோரும் சமம் என்றால் பத்துப் பேர் மேசையை வெல்லும் வாய்ப்பு 10 சதவீதம். நீங்கள் நன்றாக ஆடி அதை 15 சதவீதமாக உயர்த்தினால், மூன்று மேசைகளையும் தொடர்ந்து வெல்லும் வாய்ப்பு ஆயிரத்தில் 1-லிருந்து ஏறக்குறைய 3.4 ஆகக் கூடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மறுபக்கத்தையும் பாருங்கள். அந்த 15 சதவீத ஆட்டக்காரரும் 100 தடவையில் 85 தடவை முதல் மேசையிலேயே வெளியேறுவார். 10 தொடர்களில் ஒரு மேசையைக்கூட ஜெயிக்காமல் போக அவருக்கே சுமார் 20 சதவீத வாய்ப்பு உண்டு. மாதச் சம்பளத்தை நம்பி வீட்டுக் கடன் கட்டுபவருக்கு இது வருமான வழியே அல்ல.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டின் 2022-ம் ஆண்டு ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டு என்று பட்டியலிட்டது. 2023 நவம்பர் 9-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பட்டியலை மட்டும் ரத்து செய்தது. கேரளாவில் ஆன்லைன் ரம்மிக்கு எதிரான அறிவிப்பை அம்மாநில உயர் நீதிமன்றம் 2021 செப்டம்பரில் ரத்து செய்தது. 'எல்லை தாண்டினால் ஆடலாம்' என்ற பேச்சுக்கு இந்த வேறுபாடுகள்தான் காரணம்.

ஆன்லைன் விளையாட்டு ஊக்குவிப்பு, ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு 2025 ஆகஸ்ட் 22-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். பணம் கட்டி, பணம் வெல்லலாம் என்று ஆடும் ஆன்லைன் விளையாட்டு திறமை சார்ந்ததோ, அதிர்ஷ்டம் சார்ந்ததோ, நாடு முழுவதும் தடை என்கிறது இந்த மத்தியச் சட்டம். நடத்துபவருக்கு 3 ஆண்டுவரை சிறை, 1 கோடி ரூபாய்வரை அபராதம். விளம்பரம் செய்தால் 2 ஆண்டு, 50 லட்சம் ரூபாய்வரை. ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. ஆனால் வெளிநாட்டுத் தளத்தில் போட்ட பணம் திரும்பி வராவிட்டால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்?

நேரில் ஆடினாலும் கவனம் தேவை. பணம் வைத்துச் சீட்டாட இடம் நடத்தினால், கேரளத்தில் 1960-ம் ஆண்டு சூதாட்டச் சட்டமும் தமிழ்நாட்டில் 1930-ம் ஆண்டு சட்டமும் பாயலாம்.

அப்போ எப்படி ஆடலாம்?

பந்தயம் இல்லாமல். ஓணம் அல்லது பொங்கல் விடுமுறையில் 16 நண்பர்கள் சேர்ந்தால் போதும். 4 மேசை, மேசைக்கு 4 பேர். ஜெயித்த நால்வர் இறுதி மேசையில். எல்லோருக்கும் சம சிப், 15 நிமிடத்துக்கு ஒருமுறை பிளைண்ட் உயரட்டும். நுழைவுக் கட்டணம் வேண்டாம். தோற்ற 12 பேரும் சும்மா இருக்காமல் இருவர் ஆட்டம் பழகலாம். ஜெயித்தவருக்கு ஒரு நேந்திரன் குலை கொடுங்கள். அதைத் தூக்கிக்கொண்டு அவர் எல்லையின் எந்தப் பக்கம் போனாலும் யாரும் கேட்கமாட்டார்கள்.